காணா நட்பும் காணும் கடமையும்

பல ஆண்டுகள் எழுத்தின் வழியே மட்டும் அறிமுகமாகி, ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் திருத்தியும் ஒருவரது ஐயத்தை மற்றவர் தீர்த்தும் வந்த இருவர், இணைய நிரலாளர் மாநாடு ஒன்றில் முதன்முறையாக எதிரெதிரே நிற்கும்போது, அவர்களிடையே அதுவரை இருந்தது நட்புதானா, அன்றி நட்பு அப்போதுதான் தொடங்குகிறதா என்பது மெய்யியல் நோக்கில் ஆராயத்தக்க வினாவாகும். இருந்தது நட்பே எனின், பொருளும் காலமும் செலவிட்டு ஓரிடத்தில் கூட வேண்டிய தேவை என்ன என்று கேட்க நேரும். நட்பன்று எனின், ஆண்டுக்கணக்கில் பகிர்ந்துகொண்ட உழைப்பும் அக்கறையும் வெறும் செய்திப் பரிமாற்றமாகச் சுருங்கிவிடும்.

இவ்வினா உலகளாவிய வலையின் பிறப்போடு பிறந்தது. ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலையை வளர்த்தெடுத்தவர்கள் பல நாடுகளில் சிதறியிருந்தனர்; வலைப்பக்கத்தில் படத்தைச் சேர்ப்பதற்கான குறியை 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் முன்வைத்தபோது எழுந்த விவாதம்கூட மின்னஞ்சலிலேயே நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் அவர்களுள் சுமார் 25 பேர் கூடினர். 1994 மே 25 முதல் 27 வரை செர்ன் வளாகத்தில் ராபர்ட் கையோ முன்னின்று நடத்திய முதல் பன்னாட்டு வலை மாநாட்டில் ஏறத்தாழ 380 பேர் கலந்துகொண்டனர். அதன் நிறைவுரையில், அறிவியலாளரைப் போலவே வலையை உருவாக்குவோரும் தம் செயலின் அறவிளைவுகளை உணர்ந்திருக்க வேண்டும் என்று பெர்னர்ஸ்-லீ வலியுறுத்தினார். தொழில்நுட்பம் பேசக் கூடிய அவையில் அறம் பேசப்பட்டது தற்செயல் அன்று. தம் செயலால் தொடப்படுவோரை முகமாகக் காணும் இடத்தில் பொறுப்பு பற்றிய பேச்சு இயல்பாகவே எழுகிறது.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலில் நட்பைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என மூவகைப்படுத்துகிறார். மாநாடுகளில் நெட்வொர்க்கிங் எனப்படும் பழக்கம், அதாவது வேலைக்கும் வாய்ப்புக்கும் உதவக்கூடிய அறிமுகங்களைத் தேடிக்கொள்வது, இவற்றுள் முதல் வகையைச் சார்ந்தது. பயன் தீர்ந்ததும் தானும் தீர்வது அதன் இயல்பு. நேரில் காணாதவர்மீதும் நல்லெண்ணம் கொள்ள முடியும் என்று ஒப்புக்கொள்ளும் அவர், அந்நல்லெண்ணம் இருபுறமும் இருந்து, இருவராலும் அறியப்படும்போதே நட்பாகும் என்கிறார். தொலைவு நட்பை அறுப்பதில்லை, அதன் செயற்பாட்டையே தடுக்கிறது என்பது அவர் கருத்து. இவ்வளவுகோலின்படி, திரைவழி வளர்ந்த உறவு, தன் முழுச் செயற்பாட்டை எய்தாத நட்பாகும்.

தமிழ் மரபு இன்னும் ஓரடி முன்செல்கிறது. நட்பு அதிகாரத்தில் வள்ளுவர், புணர்ச்சியும் பழகுதலும் வேண்டா, உணர்ச்சி ஒத்திருப்பதே நட்புரிமையைத் தரும் என்கிறார். பரிமேலழகரின் விளக்கப்படி, புணர்ச்சி என்பது ஒரே நாட்டினராயிருத்தல், பழகுதல் என்பது பலமுறை கண்டும் பேசியும் நெருங்குதல். இவ்விரண்டும் இன்றியே நட்பு நிலைபெறும் என்பதற்கு அவர் காட்டும் சான்று, ஒருவரையொருவர் காணாமலே நட்புக்கொண்ட அரசன் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும். ஆயினும் புறநானூறு இங்கு ஒரு புதிரை வைத்திருக்கிறது. உணர்ச்சியே போதுமானதாயின், சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பால் உயிர்நீக்கத் துணிந்தபோது, பாண்டிநாட்டுப் புலவர் அவ்வளவு தொலைவு ஏன் நடந்துவர வேண்டும்? கண்டிராத ஒருவர் வருவது அரிது என்று உடனிருந்தோர் ஐயுற்றபோதும், அவருக்கு இடம் ஒதுக்குமாறு அரசன் ஏன் சொல்ல வேண்டும்? நட்பு ஏற்கெனவே முழுமையாக இருந்தது. அது தன் கடனைச் செலுத்துவதற்கு மட்டும் உடலின் வருகை வேண்டியிருந்தது.

அக்கடன் யாது என்பதை மாநாட்டுக் கூடத்தின் நடைவழியில் காணலாம். அடையாள அட்டையில் இயற்பெயருக்குக் கீழே திரையில் வழங்கும் பெயரும் அச்சிடப்பட்டிருக்க, எதிரே வருபவர் முதலில் அட்டையைப் படித்து, பிறகே நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார். எழுத்தில் ஒருவர் தாம் காட்ட விரும்பியதை மட்டும் காட்ட முடியும். சொல்லை அழித்து எழுதவும் மறுமொழியை நாளைக்கென ஒத்திவைக்கவும் முடியும். நேரில் திக்கலும் சோர்வும் இடையில் விழும் மௌனமும் தாமாகவே வெளிப்பட்டுவிடுகின்றன. இரண்டே சொல்லில் குறை கூறுபவர் என்று எண்ணப்பட்டவர், ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பேசுபவராக இருக்கக் கண்டபின், அவர்மீது ஏற்றிய செருக்கு அவர் எழுத்தைப் படித்தவரின் கற்பனை என்பது புலனாகிறது. மறைக்க முடியாத நிலையில் தன்னைப் பிறர்முன் நிறுத்துவதும், அந்நிலையில் நிற்கும் பிறரைத் தாங்குவதுமே அக்கடன்.

இதனால் வர இயலாதோரின் நட்பு குறைபட்டது என்று முடிவுகட்டலாகாது; விசாவாலும் பணத்தாலும் உடல்நலத்தாலும் வழிமறிக்கப்படுவோர் மிகப் பலர். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் என்னும் அமைப்பு இதைத் தன் நடைமுறையிலேயே உணர்ந்திருக்கிறது. அதன் கூட்டங்களில் ஒப்புதலின் போக்கை அறிய வந்திருப்போரை முனகச் சொல்லிக் கேட்கும் வழக்கம் உண்டு. ஆயினும் 1998இல் வெளியான அதன் நெறிமுறையின்படி, நேரில் எட்டிய முடிவும் மின்னஞ்சல் வழியே அனைவரின் பார்வைக்கும் வந்தாக வேண்டும். கூட்டத்தின் குரலுக்கு மதிப்பளித்தும் வராதவரின் உரிமையைக் காத்தும் நிற்கும் இவ்விதியில், அண்மை என்பது ஆதிக்கமாக மாறாமல் தடுக்கும் நுண்ணிய அறம் அடங்கியிருக்கிறது.

மாநாட்டு நடைவழிக்கென எரிக் ஹோல்ஷர் 2017இல் எழுதிய பேக்-மேன் விதியும் இத்தகையதே. வட்டமாக நின்று பேசுவோர், பேக்-மேன் என்னும் கணினி விளையாட்டின் வாய் திறந்த உருவத்தைப் போல, இன்னும் ஒருவர் வந்து சேர எப்போதும் இடம்விட்டு நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். சோழன் ஒதுக்கிய இடம் பெயரறிந்த ஒருவருக்கு உரியது; இவ்விடம் இன்னாரென்று அறியப்படாதவருக்கும் உரியது என்பதால், உணர்ச்சி ஒத்த இருவரின் உரிமையாக இருந்தது இங்கு அனைவர்க்குமான கடமையாக விரிகிறது. ஆகவே ஒரு மாநாட்டின் தகுதியை அங்கு கிடைத்த தொடர்புகளின் பட்டியல் நீளத்தைக் கொண்டு அளப்பது பிழை. யாரையும் அறியாமல் தயங்கி நுழைந்த ஒருவருக்கு அங்கு நிற்க இடம் கிடைத்ததா என்பதே அதற்குரிய உரைகல்.