தன்னறிவும் தலைவனியல்பும்

தன்னையறிந்தவன் தலைவனையறிவான் என்பது நம்மவர் நாவிற் பயின்று வழங்குவதொரு கொள்கை. சமயபாட வேளையில் ஆசிரியர் இதனை எடுத்துரைக்குங்கால், கூரிய மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, என்னை அறிவதே இறைவனை அறிவதாயின், நான்தான் இறைவனோ?” என்று வினாவுதல் கூடும். அவனை அதட்டி இருத்துதல் எளிது. ஆம் எனத் தலையசைத்தல் அதனினும் எளிது. இரண்டும் சைவாசிரியர்க்குத் தகுவன அல்ல. ஆதலின், தன்னறிவு எவ்வாற்றால் இறைவனியல்பை விளக்கும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தன்னறிவாவது, நான் உளேன், நான் அறிகின்றேன் என எழும் உணர்வு. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மையை நிறுவுமிடத்து, எனதுடல் என்னும் வழக்கையும் ஒரு சான்றாகக் கொண்டார். எனது வீடு, எனது ஏடு என்பவன் வீடும் ஏடும் ஆகாமைபோல, எனது உடல், எனது மனம் என்பவனும் அவற்றின் வேறானவனே. இம்மட்டில் தன்னறிவு நமக்கு உறுதுணையாம்.

இனி, அவ்வறிவின் அளவை நோக்குக. அயர்ந்துறங்கும்போது நாம் உளேம். ஆயினும் உளேம் என்பதனை அறிகின்றிலேம். சினம் மூண்டபோது சினமாகவே நிற்கின்றோம். அது தணிந்தபின்னரே, சினந்தேன் என நாணுகின்றோம். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரினியல்பு என்று பெரியோர் கூறியது இதுபற்றியே. இங்ஙனம் ஒருகால் விளங்கி ஒருகால் மழுங்கும் அறிவு தானே விளங்கும் அறிவன்று. விளக்குவார் ஒருவரை வேண்டி நிற்பது. விளக்குபவனும் பிறிதொருவனால் விளக்கப்படுவானாயின், அவனுக்கு வேறொருவன், அவனுக்கு மற்றொருவன் என வரம்பின்றி ஓடும். ஆகவே, பிறர் உணர்த்த உணராது, இயல்பாகவே முற்றும் உணர்வானொருவன் உளன் என்பது பெறப்படும். இறைவனுடைய எண்குணங்களுள் இயற்கையுணர்வும் முற்றுணர்வும் வைத்து எண்ணப்பட்டமை இதனாலென்க.

அற்றேல், அத்துணை அணியனாய் உள்ளவனை நாம் காணாமை என்னையெனின், கூறுதும். கண் உயிரால் காண்கின்றது. ஆயினும் தன்னையும் காணாது, தன்னைக் காண்பிக்கும் உயிரையும் காணாது. அதுபோல உயிரும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாது நிற்கும் என்பது ஐந்தாஞ் சூத்திரத்துட் கூறப்பட்டது. இதற்குக் காரணம் ஆணவமலம். புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தான் இருளென்று தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்பர் திருவருட்பயன் அருளிய உமாபதி சிவாசாரியர். ஆதலினன்றோ, அறியாமையுட் கிடப்பவனும் தன்னை அறிவுடையனென்றே மதிக்கின்றான்.

இதற்கு ஆசிரியர் நன்கறிந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்திலே விசயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது, ஆசிரியர் குழந்தையின் விரலைப் பற்றி அரிசியிலே அகரம் எழுதுவிப்பர். குழந்தை வீட்டுக்கு ஓடி, “அம்மா, நான் எழுதினேன்” என மகிழ்ந்து சொல்லும். அது பொய்யன்று; எழுதியது அதன் விரலே. ஆயினும் முழு மெய்யுமன்று. பற்றிய கையை அது சொல்லிற்றில்லை. விரலும் கையும் பொருளால் இரண்டு. எழுதுந் தொழிலிற் பிரிவின்றி ஒன்று. உயிரும் இறைவனும் நிற்கும் அத்துவித நிலையும் ஒருவாறு இத்தகையதே. இறைவன் காட்டுதல் மாத்திரம் செய்வானல்லன். உயிரோடு உடனாய் நின்று தானும் கண்டு காட்டுவான் என்பது பதினோராஞ் சூத்திரத்தின் கருத்து.

ஆயின், நாம் செய்யும் தீமைக்கும் அவனே காரணனாவனோ எனின், ஆகான். ஞாயிற்றின் ஒளியாலன்றிக் கண் காணாது. அதுபற்றி, கள்வன் பிறர்பொருளை நோக்கிய குற்றம் ஞாயிற்றைச் சாராது. விளக்கம் அவனது, விழைவு நம்முடையது.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. தன் அறிவு தான் ஈட்டியதே என்று செருக்கும் ஆசிரியன், கணக்கு வாராத பிள்ளையை மந்தன் என்று பின்வாங்கில் இருத்தி மறப்பான். தன் அறிவும் ஒருவன் விளக்க விளங்கியதே எனக் கண்டவனோ, அப்பிள்ளையின் அறிவும் இல்லாததன்று, விளக்கப்படாதது மாத்திரமே எனத் தெளிந்து, அருகிருந்து அதனோடு தானும் கணக்கைச் செய்து காட்டுவான். கண்டு காட்டும் திருவருளை மாணாக்கர் முதன்முதல் உணருமிடம் அதுவேயாதலும் கூடும்.

ஆதலின், வினாவிய மாணாக்கனுக்கு ஆசிரியர் இவ்வாறு விடை கூறுக: “தம்பி, நீ இறைவன் அல்லை, ஆனால், அவனின்றி நீ அறிந்தது யாதொன்றும் இல்லை. உன்னை அறிதலாவது, உன் விரலைப் பற்றியிருக்கும் கையை அறிதல்.”

திருச்சிற்றம்பலம்.