விலங்கும் அதன் நிலமும்

மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாளில் எங்கள் மேலநீலிதநல்லூரிலிருந்து பார்த்தால் மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அதன் தென்பகுதியில், களக்காட்டுச் சோலைகளில், சிங்கவால் குரங்கு வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் அதற்கு இயற்கையான வீடு கிடையாது. உயர்ந்த மரங்களின் உச்சியிலேயே திரிவதால் காட்டுக்குள் போனவர் கண்ணிலும் எளிதில் படாது. இவ்வளவு அருகில் இருக்கும் உயிரை நான் முதன்முதலில் கண்டது, 500 கிலோமீட்டருக்கு அப்பால் வண்டலூர் விலங்குத் தோட்டத்தில்தான்.

1855-இல் எட்வர்ட் பால்ஃபோர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக்காட்சி, 1985-இல் வண்டலூர் காப்புக்காட்டுக்கு இடம் பெயர்ந்தது. இன்று அதன் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். அங்கே பல அடைப்புகளில் கம்பிக்குப் பதிலாக அகழியும், சிமெண்டுத் தரைக்குப் பதிலாக மண்ணும் மரமும் இருக்கின்றன. 1907-இல் ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் காட்டிய வழி அது. வெகுநேரம் காத்திருந்தும் புலி தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டு நகர்கிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கோ அதுவே அந்த இடத்தின் சிறப்பு. விரும்பாதபோது மறைந்துகொள்ள ஒரு புதர் இருக்கும்வரை, விலங்கு வெறும் காட்சிப்பொருளாகிவிடுவதில்லை.

ஆனால் எல்லா நிலத்தையும் இப்படி உருவாக்கிவிட முடியாது. சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் 1990-இல் இனுக்கா என்ற பனிக்கரடி பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அது. ஆர்க்டிக்கின் உறைந்த கடலை ஒருநாளும் காணாமலே 2018-இல் மறைந்தது. இனிப் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று 2006-லேயே அந்தத் தோட்டம் முடிவெடுத்திருந்தது. எதைக் கொண்டுவரக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் அறிவின் வளர்ச்சிதான்.

விலங்கு அதன் தோலோடு முடிந்துவிடுவதில்லை. அது தின்னும் கனி, நடக்கும் மண், பயப்படும் பகை எல்லாம் சேர்ந்ததுதான் அது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய விலங்கையும் மரத்தையும் பறவையையும் கருப்பொருளாக ஒன்றாக வைத்து எண்ணியது, இந்த உண்மையை அறிந்துதான்.

அப்படியானால் எங்கள் நிலத்தின் கருப்பொருள் எது? மானாவாரிக் கரிசல், உடைமரம், முட்புதர். பார்க்கிறவர்கள் ஒன்றுமில்லாத தரிசு என்று சொல்லிவிடுகிறார்கள். கவுதாரியும் கீரியும் முயலும் ஆட்காட்டியும் குடும்பம் நடத்துவது அங்கேதான். இதேபோன்ற ஒரு முட்புதர்க் குன்றை நம்பித்தான் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் வெளிமான்கள் பிழைத்திருக்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம் அதுவே. 1987-இல் அதைச் சரணாலயமாக அறிவித்திராவிட்டால், அந்த மானையும் நாம் அடைப்புக்குள் மட்டுமே பார்க்க நேர்ந்திருக்கலாம்.

பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துப் போவோம். தூரத்து நிலங்களின் உயிர்களை அவர்கள் கண்கொட்டாமல் பார்க்கட்டும். ஊர் திரும்பியதும் அதே பொறுமையோடு நம் தரிசுகளிலும் நடக்கக் கற்றுக்கொடுப்போம். பனிக்கரடிக்காக வருந்துகிற மனம், கவுதாரிக்குக் கண்ணி வைப்பதையும் புதரைக் கொளுத்துவதையும் கண்டும் காணாமல் இருந்தால் அந்த வருத்தத்தால் யாருக்கும் பயனில்லை. ஒரு நிலத்தைச் சும்மா கிடக்கிறது என்று சொல்லி வேறு வேலைக்கு எடுக்குமுன், அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பதுதான் விலங்குகளைப் பார்த்ததால் நாம் பெற வேண்டிய பழக்கம்.