ஊருக்குத் தரவேண்டிய வாடகை

செங்கத்தின் வழியே செல்லும் நெடுஞ்சாலை மேற்கே ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என நீள்கிறது. கிழக்கே திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் கடந்து புதுச்சேரிக் கடற்கரையை அடைகிறது. ஜவ்வாது மலையைப் பார்த்தபடி வாழும் எங்களுக்குக் கடல் என்பது இச்சாலையின் ஒரு முனை. இச்சாலையில் பிழைப்புத் தேடிச் செல்வோரையும் அமைதி தேடி வருவோரையும் நெடுங்காலமாகக் கண்டு வருகிறேன். இவ்விரு சாராரையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் தேவை என் குடும்பத்திலேயே எழும் என்று நான் எண்ணியதில்லை.

என் தங்கை கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அவளுக்கு வீடு உண்டு. கணவர் மறைந்த பின், வீட்டின் பின்புறத்தே உள்ள தனிக்கட்டை வாடகைக்கு விட்டிருந்தாள். தையல் தொழில் செய்யும் ஒரு பெண்மணி தம் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் ஒன்பது ஆண்டுகளாக அதில் குடியிருந்தார். மாத வாடகை 4,000 ரூபாய். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்த முதிய தம்பதியர் அவ்வீட்டைக் கேட்டனர். ஆண்டில் ஆறு மாதம் இங்கும் ஆறு மாதம் தம் நாட்டிலும் வாழ எண்ணியிருந்த அவர்கள், ஐந்தாண்டுகளுக்கு மாதம் 15,000 ரூபாய் தர முன்வந்தனர்.

“அண்ணா, என்ன செய்யட்டும்?” என்று தங்கை தொலைபேசியில் கேட்டாள். அவள் மகனின் கல்லூரிக் கட்டணம் நிலுவையில் இருந்தது. நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. “கொடுத்துவிடம்மா” என்றேன்.

எல்லாம் முறைப்படியே நடந்தன. இந்தியாவில் நிலையாக வாழாத வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்க இயலாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். அந்த வரம்பை மீறவில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் கேட்கிறபடி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்தது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டவில்லை. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய செய்தி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. தையற்காரப் பெண்மணிக்கு மூன்று மாத அவகாசம் தரப்பட்டது; அவருடைய முன்பணமும் குறைவின்றித் திரும்பியது. அவர் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல், உள்நாட்டில் ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்.

சட்டம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிவிட்டோம். சட்டம் கேளாத கேள்வி ஒன்று மட்டும் எஞ்சி நின்றது. அத்தம்பதியர் உண்மையில் எதை வாடகைக்கு எடுத்தனர்?

நான்கு சுவரையும் ஒரு கிணற்றையும் அன்று. அவை அவர்தம் நாட்டிலும் உண்டு. அவர்கள் நாடி வந்தது அவ்வூரின் அமைதியை. அந்த அமைதி எங்கிருந்து வருகிறது? விடியுமுன் படகு தள்ளிச் சென்று, வெயில் ஏறுமுன் கரை திரும்பும் மீனவரின் ஒழுங்கிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார் என்பதை அறிந்து, மாலையில் ஒருமுறை எட்டிப் பார்க்கும் பெண்களிடமிருந்து வருகிறது. குறைந்த கூலியில் வாழப் பழகியவர்கள் குறைந்த விலைக்கு விற்பதால், வருவோருக்கு வாழ்க்கை இலேசாகிறது. தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து ஆக்கிய பொருள் அது. வீட்டுக்கு என் தங்கையிடம் பட்டா இருந்தது. ஊரின் அமைதிக்கு அவளிடம் பட்டா இல்லை. ஆயினும் அதற்குரிய விலையும் வாடகையோடு சேர்ந்து அவள் கைக்கே வந்தது. அதை ஆக்கியவர்களுள் ஒருவராகிய தையற்காரப் பெண்மணிக்குக் கிடைத்ததோ வெளியேறும் அறிவிப்பு.

இதற்கு மறுப்பாகச் சொல்லத்தக்கவை உண்டு. அவற்றை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டேன். கைம்பெண் ஒருத்தி தன் உடைமையைக் கொண்டு மகனைப் படிக்க வைப்பது குற்றமாகுமா? வந்தவர்கள் எதையும் பறித்தவர்களல்லர். கேட்டார்கள், நாங்கள் கொடுத்தோம். அவர்கள் செலவிடும் பணத்தால் காய்கறிக்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர் எனப் பலர் பயனடைகின்றனர். இவை யாவும் உண்மையே. ஆனால் பயன் பெறுவோர் வேறு, இடம் இழப்போர் வேறு என்றால், முன்னவரின் ஆதாயத்தைக் காட்டிப் பின்னவரின் இழப்பைக் கணக்கிலிருந்து அடித்துவிட முடியுமா?

இந்தக் கேள்வி கடலோரத்துக்கு மட்டும் உரியதன்று. திருவண்ணாமலையில் எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய செங்கம் சாலையில்தான் இரமணாசிரமம் அமைந்திருக்கிறது. 1950-இல் இரமணர் மறைவதற்கு முன்பே அங்கே வெளிநாட்டவர் வந்து தங்கத் தொடங்கிவிட்டனர். நம் திருச்சபையின் துறவியும் பிரெஞ்சு நாட்டவருமான ஆன்றி லெ சோ 1950-களில் அம்மலையின் குகைகளில் தங்கித் தவமிருந்தார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். குகையில் தங்கியவர் யாரையும் வீடு மாறச் செய்யவில்லை. இன்றோ, பனிக்காலத்தில் வந்து கோடைக்கு முன் திரும்புவோருக்காக அச்சாலையின் சுற்றுப்புறங்களில் வீடுகள் விடப்படுகின்றன. உள்ளூர்ச் சம்பளத்தைக் கருதாமல், வருவோரின் பணப்பையைக் கருதியே அங்கு வாடகை பேசப்படுகிறது என்பதை அப்பகுதியில் வீடு தேடி அலைந்த எவரும் அறிவர்.

அதே சாலையின் மறுதிசையில் செல்வோரையும் பார்ப்போம். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பலர் குடும்பத்தோடு கருநாடக, கேரளத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். எங்கள் ஊர் இளைஞர்கள் பெங்களூரில் ஓர் அறையைப் பலர் பகிர்ந்து வாழ்கின்றனர். அவர்களும் அயலூரில் நெடுநாள் தங்குவோரே. எனினும் அவர்களுக்கு வீடு தரத் தயங்குகிறோம், சாதி கேட்கிறோம், எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். ‘பரதேசி’ என்ற சொல்லுக்கு அயல்நாட்டான் என்பதே முதற்பொருள். காலப்போக்கில் அது பிச்சைக்காரனைக் குறித்தது. பின் வசைச் சொல்லாயிற்று. செல்வத்தோடு வரும் அயல்நாட்டவரை நாம் அச்சொல்லால் அழைப்பதில்லை. ஆக, நாம் அளப்பது அயன்மையை அன்று, கையிருப்பையே என்பதை நம் சொல்வழக்கே காட்டிக்கொடுக்கிறது.

அயலாரை ஏற்பதில் எங்கள் ஊருக்குப் பழம்பெருமை உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் போற்றும் நன்னனின் ஊராகிய செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பர். பரிசில் பெற்று வந்த கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் கூத்தனை நன்னனிடம் ஆற்றுப்படுத்துவதாக அமைந்த நூல் அது. வழியெங்கும் உள்ள சிற்றூர்களில் உறவினர் போலத் தயங்காது நுழையலாம் என்றும், நன்னனின் அவையில் பலநாள் தங்கினும் முதல்நாள் காட்டிய அன்பே கிட்டும் என்றும் அவன் கூறுகிறான். எனினும் விருந்தினர் அங்கேயே இருந்துவிடுவதில்லை. தம் பழைய ஊருக்குத் திரும்ப விடை கேட்கின்றனர். பரிசு பெற்று மீள்கின்றனர். விருந்தோம்பலில் இருபுறமும் கடன் உண்டு. ஏற்பவன் மனம் கோணாமல் ஏற்க வேண்டும். வந்தவன் தான் பெற்றதை மறவாதிருக்க வேண்டும்.

வாடகை இந்த உறவை மாற்றிவிடுகிறது. பணம் கொடுத்தவன் தனக்கு எவரிடமும் நன்றிக்கடன் இல்லையென எண்ணிக்கொள்கிறான். பணம் பெற்றவன் தனக்கு வேறு எவரிடமும் பொறுப்பில்லையென எண்ணிக்கொள்கிறான். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஊர் என்னும் மூன்றாம் தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் அதன் கணக்கை யாரும் திறப்பதில்லை.

மறைநூல் இக்கணக்கைத் திறந்து வைக்கிறது. நிலம் தமக்கே உரியது என்றும், மக்கள் அதில் தம்மிடம் தங்கியிருக்கும் அயலாரே என்றும் லேவியர் நூலில் ஆண்டவர் உரைக்கிறார். அவ்வாறாயின் பட்டா வைத்திருப்பவரும் குடியிருப்பவரே. என் தங்கையும் நானும் அதற்கு விலக்கல்லர். திருத்தூதர் பணிகள் நூலின் இறுதியிலோ, புனித பவுல் உரோமையில் வாடகை வீட்டில் வாழ்ந்ததைக் காண்கிறோம். அவர் அங்கே அயலார். அதோடு காவலில் இருந்தவர். இருந்தும் இரண்டு ஆண்டுகள் தம்மிடம் வந்த யாவரையும் வரவேற்றார் என்று நூல் கூறுகிறது. வாடகைக்கு இருந்தவரே விருந்தோம்புபவர் ஆனார்.

இவ்வரிகளின் பொருளை 2024 நவம்பர் 30-க்குப் பின்பே நான் உணர்ந்தேன். அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. இந்நெடுஞ்சாலை நெடுகிலும் மழை கொட்டியது. ஊத்தங்கரை வெள்ளக்காடாயிற்று. திருவண்ணாமலையில் மறுநாள் மலைச்சரிவில் ஏழு பேர் மாண்டனர். என் தங்கையின் தெருவில் கூரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மேடான அஸ்திவாரம் கொண்ட அப்பின்கட்டின் கதவை முதிய தம்பதியர் திறந்துவிட்டனர். மூன்று குடும்பங்கள் இரண்டு இரவு அங்கே தங்கின. அரைகுறைத் தமிழில் அந்த அம்மையார் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார் என்று தங்கை சொன்னாள்.

நான் மகிழ்ந்தேன். அடுத்து அவள் சொன்ன செய்தி அம்மகிழ்ச்சியை நிறுத்திவிட்டது. ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரைத் தாழ்நிலத்தில், தையற்காரப் பெண்மணியின் வீட்டில் இடுப்பளவு நீர் புகுந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. தையல் எந்திரமும், தீபாவளிக்குப் பின் தைக்க வாங்கி வைத்த பிறருடைய துணிகளும் பிள்ளைகளின் புத்தகங்களும் பாழாயின. மூன்று குடும்பங்களுக்கு அடைக்கலம் தந்த கூரையின் கீழ் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அவரை அங்கிருந்து தாழ்நிலத்துக்கு அனுப்பியது என் ஒரு சொல்.

சில வாரம் கழித்து நான் அங்கே சென்றபோது அந்த அம்மையார் என்னிடம் ஒன்று கேட்டார். முற்றத்தில் நிற்கும் முருங்கையைக் காட்டி, “இதை நட்டவர் யார்? எங்களுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?” என்றார். வந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்பே கேட்டார் என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தம் எழுதும் நாளில் நானாவது அவருக்குச் சொல்லியிருக்கலாமே! நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் தங்கையை அழைத்துக்கொண்டு ஏரிக்கரை வீட்டுக்குப் போனார். எந்திரத்தைப் பழுது பார்க்கும் செலவை ஏற்றார். தாங்கள் ஊருக்குத் திரும்பும் மாதங்களில் பின்கட்டில் வந்திருக்குமாறும் வேண்டினார். பெண்மணி எந்திரத்துக்கான உதவியை ஏற்றுக்கொண்டார், வீட்டை ஏற்கவில்லை. “ஆறு மாசத்துக்கு ஒருமுறை பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் மாத்த முடியாதும்மா” என்றாராம். சில இழப்புகளை நல்லெண்ணத்தால் திருப்பித் தர முடிவதில்லை.

ஊருக்குத் தரவேண்டிய வாடகை என்று நான் சொல்வது இதைத்தான். வந்து தங்குவோர், தமக்கு முன் அங்கிருந்தவர் எங்கே போனார் என்று முதல் நாளிலேயே கேட்பது. நலம் விசாரிக்கும் அளவுக்காவது ஊரின் மொழியைக் கற்பது. அண்டை வீட்டாரின் துன்ப நாளில் கதவைத் திறப்பது. வீடு விடுவோருக்கும் இதில் பங்குண்டு, ஒருவேளை பெரும்பங்கு. வந்தவர் ஊரை அறியார்; நாம் அறிவோம். வெளியேறப் போகிறவரின் பெயரும் அவர் பிள்ளைகள் படிக்கும் வகுப்பும் நமக்குத் தெரியும். தெரிந்தும், அதிகம் தருபவருக்கு அமைதியை விற்றுவிட்டு அவர்மேல் பழி சுமத்துவது நேர்மையாகாது.

ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027-இல் முடிகிறது. தம்பதியர் தொடர விரும்புகின்றனர். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாலும் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. தையற்காரப் பெண்மணியின் பிள்ளைகள் புதிய பள்ளியில் வேரூன்றிவிட்டனர். அவர் திரும்பி வருவாரா என்பதும் ஐயமே. தங்கை மீண்டும் கேட்கிறாள்: “அண்ணா, என்ன செய்யட்டும்?”

இம்முறை தொலைபேசியில் விடை சொல்லவில்லை. நேரில் வருகிறேன் என்று மட்டும் கூறியிருக்கிறேன். முதலில் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். சென்ற முறை நாங்கள் யாரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் முடிவு செய்தோமோ, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கடற்கரை வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.