சாய்வும் சுமையும்

கைக்கு வந்த பொருளை வந்தவாறே வைத்துக்கொள்வது மனிதனின் இயல்பன்று. உழவன் புதிய மண்வெட்டியின் காம்பைத் தன் உயரத்திற்கேற்ப அறுத்துக்கொள்கிறான். பால்மரம் சீவுபவர் தம் உளியைத் தம் கைப்பழக்கத்திற்கேற்பத் தீட்டிக்கொள்கிறார். தாய், கடையில் வாங்கிய சட்டையின் கையை மகனுக்காக மடித்துத் தைக்கிறாள். மாற்றியமைக்கும் அந்த நேரத்தில்தான் விலைகொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் உரியவனின் பொருளாகிறது. ஆகவே, மாற்றுதல் குற்றமன்று. அது பழக்கத்தின் வேறு பெயர் என்றே சொல்லலாம்.

இவ்வியல்பு மிகுந்த ஆர்வத்தோடு வெளிப்படும் இடங்களுள் ஒன்று மோட்டார் கார். மலேசியாவில் முதல் வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் சேமித்து, பழைய புரோட்டோன் சாகா ஒன்றை வாங்கும் இளைஞன் முதலில் செய்ய நினைப்பது என்ன? பெரும்பாலும் அதைத் தாழ்த்துவதுதான். ஸ்பிரிங்கை மாற்றுகிறான், அப்சார்பரை மாற்றுகிறான், டயரை அகலமாக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு யாம் மலைப்பாதையின் வளைவுகளில் ஓட்டிப் பார்த்து, 'இப்போதுதான் கார் சொன்னபடி கேட்கிறது' என்று மகிழ்கிறான். அண்டை வீட்டுப் பெரியவரோ, 'நல்ல காரை ஏன் கெடுத்தாய்?' என்று கேட்கிறார். 'என் கார், என் பணம்' என்பது இளைஞனின் விடை.

இவ்விரு சொற்களுக்கும் இடையில் பழமையான அறவினா ஒன்று நிற்கிறது. தன் உடைமையின்மேல் ஒருவனுக்குள்ள உரிமை எதுவரை செல்லும்? அதற்கு விடை காண, காரின் அடியில் நிகழ்வது இன்னதென்று முதலில் அறிந்தாக வேண்டும்.

தொழிற்சாலையின் உடன்பாடு

காரின் உடலுக்கும் சக்கரத்திற்கும் இடையே உள்ள தாங்கமைப்பில் தலையாயவை இரண்டு. ஒன்று, சுமையைத் தாங்கும் ஸ்பிரிங். மற்றொன்று, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சார்பர். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் தான் பெற்ற ஆற்றலைத் திருப்பித் தரத் துடிக்கும். தடுப்பார் இல்லையேல் கார் பலமுறை மேலும் கீழுமாய் ஆடும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் உராய்வினால் வெப்பமாக்கிக் கரைத்துவிடுவது அப்சார்பரின் பணி.

இவ்விரண்டையும் எவ்வளவு மென்மையாக, எவ்வளவு விறைப்பாக அமைப்பது என்பது எளிதில் தீர்ந்த சிக்கலன்று. ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1930இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்திற்குச் சென்று இதை ஆராய்ந்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். சற்றுப் பிந்தி ஏறுவது பின்சக்கரம். முன்பகுதி மெல்ல ஆடி, பின்பகுதி சற்று விரைவாக ஆடினால், பிந்தி வந்தது முந்தியதை எட்டிப்பிடித்துவிடும். காரும் முன்பின்னாகத் தலையாட்டாமல் சமமாகச் செல்லும் என்பது அவர் கண்ட உண்மை. இன்றும் குடும்பக் கார்களின் அமைப்பில் அக்கருத்து வாழ்கிறது.

எனவே, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கார் பல தேவைகளுக்கிடையே செய்துகொண்ட உடன்பாடு எனலாம். அதில் தனியே செல்லும் இளைஞனும் ஏறுவான். ஐவர் கொண்ட குடும்பமும் பெட்டிகளோடு ஏறும். தோட்டத்துச் செம்மண் பாதையிலும் அது ஓட வேண்டும்; நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டும். எல்லார்க்கும் பொருந்த வேண்டியது எவர்க்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. 1985இல் வெளிவந்த முதல் சாகா மிட்சுபிஷியின் அமைப்பை அடிப்படையாகக் கொண்ட குடும்பக் கார். 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் தன்வசமாக்கிக்கொண்டு, 2017வரை வைத்திருந்தது. அக்காலத்தில் லோட்டஸ் பொறியாளர்களின் துணையோடு புரோட்டோன் கார்களின் சாலைப்பிடிப்பு செம்மைப்படுத்தப்பட்டது. செய்தவர்களே மீண்டும் திருத்தும் ஒன்றை உரிமையாளன் திருத்தக்கூடாது என்பது நியாயமாகாது. அந்த அளவில் இளைஞனின் பக்கம் வழக்கு உண்டு.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

ஆனால், அவன் மாற்றுவது எதை? வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அச்சாய்வு அவனுக்குப் பிடிக்கவில்லை. விறைப்பான ஸ்பிரிங்கைப் பொருத்தியதும் சாய்வு குறைகிறது. 'சிக்கல் தீர்ந்தது' என்று அவன் எண்ணுகிறான். இங்கேதான் பிழை பிறக்கிறது.

வளைவில் நிகழ்பவை இரண்டு. உட்பக்கச் சக்கரங்களிலிருந்து சுமை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது, உடல் சாய்கிறது. சாய்வு கண்ணுக்குத் தெரியும். சுமை மாறுவது தெரியாது. சான்றாக, 1000 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உள்ளது; இடவலச் சக்கரங்களுக்கிடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி. எடையில் பத்தில் ஆறு பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை தோன்றும் வேகத்தில் அது வளைந்தால், ஏறத்தாழ 200 கிலோ சுமை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறிவிடும். பக்கத்திற்கு 500 கிலோ என்றிருந்தது, உட்பக்கம் 300, வெளிப்பக்கம் 700 என்றாகும்.

இக்கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு இடம்பெறவே இல்லை. எடை, எடைமையத்தின் உயரம், சக்கரங்களின் அகலம், வளைவின் வேகம் ஆகியவையே முடிவுசெய்கின்றன. உடல் சாய்வதால் நேரும் சிறு மாற்றம் ஒன்று உண்டு, அது பெரிதன்று. ஸ்பிரிங்கை இரு மடங்கு விறைப்பாக்கினாலும் அந்த 200 கிலோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 188 கிலோவாகும். அத்தனை செலவும் உழைப்பும் 12 கிலோவைத்தான் குறைத்தன! சாய்வு மறைந்தது; சுமை மறையவில்லை.

அப்படியாயின் விறைப்பை மாற்றுவதால் பயனே இல்லையா? உண்டு. அந்தச் சுமையில் முன்சக்கரங்கள் ஏற்பது எவ்வளவு, பின்சக்கரங்கள் ஏற்பது எவ்வளவு என்பதை அது மாற்றும். முன்பகுதியை மட்டும் விறைப்பாக்கினால், முன்பகுதியின் வெளிச்சக்கரம் கூடுதல் சுமையை ஏற்கும். டயரின் இயல்போ விந்தையானது: சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும். ஆகவே, முன்சக்கரங்களின் பிடிப்பு முதலில் தளர்ந்து, கார் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் நேரே செல்ல முனையும். பின்பகுதியை மட்டும் விறைப்பாக்கினால் பின்சக்கரங்கள் முதலில் வழுக்கி, கார் சுழல முனையும். எங்கே மாற்றினாலும் சுமையை நீக்குவார் இல்லை. ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவர்மேல் வைப்பதே நிகழ்கிறது. இவ்வுண்மை பொறியியலோடு முடிவதன்று.

வெட்டிய ஸ்பிரிங்

பணம் உள்ளவர் காருக்கென்று வடிவமைத்த ஸ்பிரிங்கையும் அதற்கிசைந்த அப்சார்பரையும் சேர்த்து வாங்குவர். பணம் இல்லாதவர் சிலர் பட்டறைக்குச் சென்று, பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டச் சொல்வர். போமன் வெட்டியும் கொடுப்பார். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆறு சுற்றுகள் இயங்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 விழுக்காடு கூடுகிறது. இறங்கி ஏறும் இடமோ குறைகிறது. பழைய மென்மைக்கென அமைந்த அப்சார்பர் புதிய துள்ளலை அடக்கத் திணறும். பள்ளம் சற்று ஆழமானால் கார் தன் எல்லைவரை இறங்கி, அடிதாங்கும் ரப்பரில் மோதும். வளைவின் நடுவே அப்படி மோதினால், அச்சக்கரத்தின் விறைப்பு ஒரு நொடியில் பன்மடங்காகி, பிடிப்பு திடீரெனத் தளரும். சக்கரம் தொங்கும் நேரத்தில் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் கூடும். அழகுக்காக முன்பகுதியை மட்டும் வெட்டியிருந்தால், முன்னே மென்மை, பின்னே விரைவு என்று ஆலி கண்ட ஒழுங்கும் கெட்டுவிடும்.

இவற்றை ஏற்பவர் யார்? ஓட்டுபவனுக்குத் திருப்புச் சக்கரம் கையில் இருக்கிறது. வளைவு வருவது முன்கூட்டியே தெரிகிறது. பின்னிருக்கையில் அமர்ந்துள்ள தாய்க்கு இரண்டும் இல்லை. ஒவ்வொரு பள்ளமும் அவள் முதுகில் முடிகிறது. மகனின் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாமல் அவள் வாய் திறவாதிருப்பாள். எதிரே மோட்டார்சைக்கிளில் வருபவர்க்கு அந்தக் காரின் ஸ்பிரிங் வெட்டப்பட்டது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர் இசைவு தராத ஒரு சோதனையில் அவரும் உறுப்பினராகிவிடுகிறார்.

'என் கார்' என்பது உண்மை. ஆனால், 'என் சாலை' என்று எவரும் சொல்ல முடியாது. கார் தனியுடைமை, அதன் ஓட்டம் பொதுவுடைமை. வீட்டு வாசலில் நிற்கும்வரை உரிமையாளனின் விருப்பம் போதும். சாலையில் இறங்கியதும் விருப்பத்தோடு பொறுப்பும் ஏறி அமர்கிறது. சட்டம் இடையில் வருவது இதனால்தான். ஆயினும், சட்டம் எல்லாச் சக்கரத்தையும் குனிந்து பார்க்க இயலாது. சட்டம் பாராத இடத்திலும் சரியானதைச் செய்வதற்கே அறம் என்று பெயர்.

மாற்றாதவரின் குற்றம்

இதனால், மாற்றுபவர் எல்லாரும் தீயோர், மாற்றாதவர் எல்லாரும் நல்லோர் என்று கொள்வதும் தவறு. காரைத் தொடாமலே வைத்திருக்கும் பலர் அதைப் பார்ப்பதும் இல்லை. எண்ணெய் கசிந்து செத்துப்போன அப்சார்பரோடும், பல் தேய்ந்து மொட்டையான டயரோடும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறார்கள். 'நான் ஒன்றும் மாற்றவில்லையே' என்பது அவர்களின் நிறைவு. காலம் மாற்றிவிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. அவர்களோடு ஒப்பிட, உண்மையான ஆர்வலன் மேலானவன். அவன் காரின் அடியில் படுத்துப் பார்க்கிறான். தேய்ந்த புஷ்களை மாற்றுகிறான். டயரின் காற்றை அளக்கிறான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைக்கிறான். வேகத்தைச் சோதிக்க வேண்டுமாயின் 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் தடம் போன்ற மூடிய களத்திற்குச் செல்கிறான். அங்கே இடரை ஏற்பவர் எல்லாரும் அறிந்தே ஏற்கிறார்கள்.

ஆகவே, அறத்தின் எல்லைக்கோடு மாற்றுவோர்க்கும் மாற்றாதோர்க்கும் இடையே செல்லவில்லை. சுமை எங்கே போகிறது என்று கேட்போர்க்கும் கேளாதோர்க்கும் இடையே செல்கிறது. ஒன்றை மாற்றும் உரிமை, அம்மாற்றத்தின் சுமையை ஏற்பவர் யார் என்று அறியும் கடமையோடு ஒட்டிப் பிறந்தது. கடமையை வெட்டிவிட்டு உரிமையை மட்டும் வைத்துக்கொள்வது, ஒரு சுற்றை வெட்டிய ஸ்பிரிங்கைப் போன்றதே.

வாழ்க்கையிலும் இதுவே

வீட்டையும் பள்ளியையும் நடத்துவோர் இவ்வுண்மையை எண்ணிப்பார்ப்பது நலம். ஒரு குடும்பம் சிறிதும் சாயாமல் நிமிர்ந்து செல்வதைக் கண்டு ஊரார் வியப்பர். உள்ளே மூத்த மகள் தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியர் சுமையை ஏற்றிருப்பாள். ஒரு வகுப்பறை ஓசையின்றி ஒழுங்காக இருக்கிறது என்று தலைமையாசிரியர் பாராட்டுவார். அவ்வமைதியின் விலையைக் கடைசி வரிசையில் கேள்வி கேட்க அஞ்சும் மாணவன் கொடுத்துக்கொண்டிருப்பான். சாய்வு தெரியாததாலேயே சுமை இல்லை என்று முடிவு செய்வது பொறுப்பில் இருப்போர் அடிக்கடி செய்யும் பிழை. சில வேளைகளில் சாய்வு நல்லது. 'வேகம் மிகுந்துவிட்டது' என்று ஓட்டுபவனுக்கு அது சொல்லும் முதற்செய்தி. செய்தியைக் கொண்டுவருபவனை வாயடைத்துவிட்டால் ஆபத்து நின்றுவிடாது.

அடக்கத்தைப் பற்றியும் அப்சார்பர் ஒன்று சொல்கிறது. மிகத் தளர்ந்த அப்சார்பர் துள்ளலை அடக்காது. மிக இறுகியதோ ஸ்பிரிங்கை அசையவே விடாமல், சக்கரத்தைச் சாலையிலிருந்து எழும்பச் செய்யும். இரண்டிலும் பிடிப்பு போய்விடும். அடக்கம் என்பது ஆற்றலை ஒடுக்குவதன்று, அளவறிந்து கரைப்பது. திருக்குறளில் நடுவுநிலைமைக்கு அடுத்த அதிகாரமாக அடக்கமுடைமை நிற்பது எண்ணத்தக்கது. சமன் வேண்டுவோர்க்கு அடக்கம் அடுத்த படியாகிறது.

இளைஞன் தன் காரை மாற்றட்டும். அது அவன் கையும் அறிவும் கூடி வளரும் இடம். ஆனால், ஸ்பிரிங்கை வாங்குமுன் அவன் ஒருநாள் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, தன் தாய் அமரும் பின்னிருக்கையில் தான் அமர்ந்து செல்லட்டும். எதைப் பொருத்துவது, எதை விடுவது, எவ்வளவு போதும் என்பவற்றிற்கு அங்கே அவனுக்கு விடை கிடைக்கும். பிறர் ஏற்கும் சுமையைத் தன் உடலால் ஒருமுறை அறிந்தவன், பிறகு தன் பொருளில் எதை மாற்றினாலும் நெறி தவறமாட்டான்.