கூதிர் காலமும் தன்னைப் பேணலும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் எனத் தமிழ் மரபு வகுத்துள்ளது. வடகிழக்குப் பருவமழை அடர்ந்து பெய்யும் காலம் அது. உழவர் இல்லங்களில் சம்பாப் பயிர் நீரில் மூழ்குமோ என்ற கவலை. நகரத்து இல்லங்களில் தீபாவளிச் செலவு முடிந்தபின் எஞ்சும் கடன் கவலை. எங்கும் சளியும் காய்ச்சலும். பகற்பொழுதும் குறுகிவிடுகிறது. சென்னைப் பகுதியில் ஜூன் இறுதியில் மாலை 6.35 மணிக்குப் பின்னரே மறையும் கதிரவன், நவம்பர் நடுவில் 5.40 மணியளவிலேயே மறைந்துவிடுகிறான். இராவுணவை விலக்கிய குடும்பங்களுக்கு இது சிறிய மாற்றமன்று.

இத்தகைய நாள்களில் ஒருவர் தம்மைத் தாமே பேணிக்கொள்வது தன்னலமா, அறமா? உடல் வேறு, உயிர் வேறு என்று ஓதும் நாம் உடலை ஓம்புதல் தகுமா? இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணம்.

எம் உறவில் மூத்த அம்மையார் ஒருவர். ஒரு கார்த்திகையில் அவர் கணவர் நோயுற்றுப் படுத்திருந்தார். பகலெல்லாம் பணிவிடை செய்தே பொழுது சாய்ந்துவிடும். அம்மையார் உண்ணாமலே உறங்கச் செல்வார். கேட்போரிடம், “நோன்பென்று எண்ணிக்கொள்கிறேன்” என்பார். நான்காம் நாள், மழையில் நனைந்து வந்த பேரனை ஓங்கி அறைந்துவிட்டார். அன்றிரவு, “என் நோன்பு வயிற்றோடு நின்றுவிட்டதே, கைக்கும் நாவுக்கும் எட்டவில்லையே” என்று கண் கலங்கினார்.

தத்துவார்த்த சூத்திரம் தியானத்தை நான்காக வகுத்து, ஆர்த்த தியானத்தை முதலில் வைக்கிறது. வேண்டாதது வந்து சேர்ந்ததே என்றும், வேண்டியது பிரிந்ததே என்றும், நோவு தீரவில்லையே என்றும், இன்னின்ன இன்பம் வரவேண்டுமே என்றும் உள்ளம் ஓயாது உழல்வதே அது. இக்காலத்தார் மன இறுக்கம் என்பது பெரும்பாலும் இதுவேயன்றோ? சினம் முதலிய கஷாயங்களுக்கு ஆட்பட்டவன், பிற உயிர்க்குத் தீங்கு நேர்ந்தாலும் நேராவிட்டாலும், முதலில் தன் ஆன்மாவையே ஊறுபடுத்துகிறான் எனப் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர் விளக்குகிறார். அங்ஙனமாயின், தம்மைப் புறக்கணித்து அதனால் சினத்தை வளர்த்துக்கொள்வதும் இம்சையின் ஒரு வாயிலே ஆகும்.

முற்றும் துறந்த திகம்பர முனிவரும் நாளுக்கு ஒருமுறை நின்றவாறு கையிலேற்று உணவு கொள்கிறார். சுவைக்காக அன்று; தவத்திற்குத் துணையாக உடல் நிற்கவேண்டும் என்பதற்காக. துறவிக்கே இஃது ஏற்றதெனின், பலருக்குத் தாங்காய் நிற்கும் இல்லறத்தாருக்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் பேணுதல் வேறு, இன்பத்தில் திளைத்தல் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. ஒரு செயலுக்குப்பின் சினமும் பேராசையும் மெலிந்தால் அது பேணுதல். வேட்கை மேலும் தடித்தால் அது திளைத்தல்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மாலைச் சமையலை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கலாம். அப்பணியை ஆடவரும் பகிர்ந்துகொள்ளலாம். அலுவலகத்திலிருந்து தாமதமாகத் திரும்புவோர் பொழுது சாயுமுன் உண்ண ஒரு சிறு உணவைக் கையோடு கொண்டு செல்லலாம். வடிகட்டிய நீரை மழைக்காலத்தில் காய்ச்சிப் பருகலாம். நீண்ட இரவை உறக்கத்திற்கு விடலாம். சாமாயிகத்திற்குரிய 48 நிமிடம் இயலாத நாளில், கால் மணி நேரமேனும் அமைதியாய் அமரலாம். சுமை மிகும்போது உற்றாரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம். வாரக்கணக்கில் உறக்கமும் ஊக்கமும் இன்றித் தவிப்போர் மருத்துவரை நாடுதல் இழுக்கன்று.

அந்த அம்மையார் இல்லத்தில் பின்னர் மகனே மாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டத் தொடங்கினார். அம்மையாரும் அமர்ந்து உண்டார். அட்டமி, சதுர்த்தசி நோன்புகளை அவர் கைவிடவில்லை. உளமார ஏற்று, அமைதியுடன் நோற்றார்.

எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமை நம் அறம். அவ்வுயிர்களுள் நம் உயிரும் ஒன்றென்பதை மறவாதிருப்போமாக.