இருபது வருட எரு

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டனில் ரொதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. அங்கே ஹூஸ்ஃபீல்ட் என்ற வயலில் 1852 முதல் பார்லி விதைத்து வருகிறார்கள். அதில் ஒரு துண்டு நிலத்துக்கு 1871 வரை, ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 தொன் தொழுவெரு இட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அந்த மண்ணில் இன்னும் சேதனப் பொருள் அதிகம். எரு சுமந்தவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

இச்சோதனைகளைத் தொடங்கிய ஜோன் லோஸ் இரசாயன உரம் விற்றவர். அவருடைய உரம் தோற்கவுமில்லை. அங்குள்ள புரோட்பாக் கோதுமை வயலில், இரசாயன உரம் நிறைவாகப் பெற்ற துண்டுகள் எரு பெற்றதற்கு நிகராகவே நெடுங்காலம் விளைந்தன. வேறுபாடு மண்ணுக்குள்தான். எருவிட்ட மண்ணில் நுண்ணுயிர்களின் நிறை ஏறத்தாழ இரண்டு மடங்கு. உரம் பயிரின் பசியை ஆற்றுகிறது. சாணமும் வைக்கோலும் உக்கும்போது, நாம் காணாத உயிர்களும் சேர்ந்து சாப்பிடுகின்றன.

யாழ்ப்பாணத்தில் அப்பா விட்டுப்போன எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் எனக்கு உண்டு. அப்பா பூவரசங்குழை தாழ்த்து, மாட்டெரு பரப்பிய காணி. அதை வருடக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். இப்போது யூரியா மட்டும்தான் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் குத்தகைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“ஏன் அண்ணை, எருப் போடுறேல்லையோ?”

“தம்பி, வாற வருசம் காணி எனக்கோ வேறை ஆளுக்கோ எண்டு உமக்கே தெரியாது. நான் ஆருக்காக எருப் போட?”

என்னிடம் பதில் இல்லை. மண்ணில் அவருக்கு அக்கறையில்லை என்று குறைசொல்லத்தான் அழைத்திருந்தேன். ஒரு வருடத்தை மட்டும் கொடுத்துவிட்டு இருபது வருட அக்கறையைக் கேட்பது என்ன நியாயம்? அந்த யூரியாவில் பாதி, நான் எழுதிய தவணையால் விழுந்தது. நல்ல விலை வந்தால் விற்கலாம் என்று வருடாவருடம் கதவைத் திறந்து வைத்திருப்பவன் நான். அந்தக் காணியை அப்பாவின் மண் என்று இங்கே மேடைகளில் உருகிப் பேசுபவனும் நான்தான்.

பத்து வருடத்துக்கு எழுதித் தரலாமா என்று யோசிக்கிறேன். எழுதினால் அவசரத்துக்கு விற்க முடியாது. மகளின் பல்கலைக்கழகச் செலவும் நெருங்குகிறது. கடதாசி மேசையில் கிடக்கிறது. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.