குடிவழிப் பிணியும் கன்மமும்

உடம்பெடுத்தார் எவர்க்கும் பிணி உளதாதல் இயல்பே. உணவுப் பிழையான் வருவன சில. காற்று நீர் முதலியவற்றான் வருவன சில. இவற்றின் வேறாய், தாயுந் தந்தையும் தந்த உடம்போடு உடன்வந்து, இளம் பருவத்திலேயே தலைகாட்டும் பிணிகளும் உள. மகளிர்க்கு வரும் மார்பகப் புற்றில் ஒரு பகுதி இவ்வகையினது. புற்றுற்றார் நூற்றுவராயின், அவருள் ஐவர் முதற் பதின்மர் வரையினார்க்கே அது குடிவழியாக வந்ததென மருத்துவ நூலார் கணிப்பர். தொகை சிறிதாயினும் அதுபற்றி எழும் வினா சிறிதன்று. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என முல்லைப்பெரியாற்று நீர் பாயும் ஊர்களிலே, தாய் இப்பிணியால் இறந்த வீட்டில் மணப்பருவத்து மகள் ஒருத்தி இருப்பின், 'அது அக்குடியின் பாவம்' என்று அயலார் தாழ்ந்த குரலிற் பேசுவர். வீட்டாரோ, 'விதித்தது வரும், அறிந்து ஆவதென்?' என்று அமைவர். இவ்விரு கூற்றும் கன்மக் கொள்கையின் பெயராற் சொல்லப்படுதலின், அவை சித்தாந்தத்திற்கு ஒக்குமா என்று ஆராய்தல் நமக்குக் கடனாகின்றது.

முதற்கண் மருத்துவ நூலார் கண்டதனைக் கூறுதும். பால் புரோக்கா என்னும் பிரான்சு தேசத்து மருத்துவர் தம் மனைவியார் குடும்பத்திற் பல தலைமுறையாக இப்புற்று வந்தமையை ஆராய்ந்து 1866-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். காரணம் இன்னதென அறிதற்கு நூறாண்டிற்கு மேலாயிற்று. 1990-இல் மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க அம்மையார் அக்காரணம் பதினேழாங் குரோமோசோமில் உளதெனக் காட்டினார். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.-1 என்னும் மரபணுவும், 1995-இல் பி.ஆர்.சி.ஏ.-2 என்பதும் பிரித்தறியப்பட்டன. இவை பிணி செய்வன என்று பலரும் கருதுவர், அது பொருந்தாது. உடம்பின் நுண்ணறைகளிலே சிதைவு நேர்ந்துழி அதனைச் செப்பனிட்டுக் காப்பதே இவற்றின் தொழில். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொன்றும் இவ்விரண்டு பிரதிகளாய் நம்மிடத்துள்ளது. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதுற்றிருப்பினும் மற்றையது காவல் செய்யும். அதுவும் ஏதேனும் ஒரு நுண்ணறையிற் பழுதுறுமாயின் ஆண்டுக் காவல் ஒழிந்து புற்று முளைத்தற்கு இடமாகும். ஆதலாற் குடிவழியாக வருவது பிணியன்று, பிணிக்கு இடங்கொடுக்கும் தன்மையே. அத்தன்மையுடைய மகளிர் பதின்மருள் எழுவர் அளவினார்க்கு எண்பது வயதிற்குள் மார்பகப் புற்று வரும் என்பது 2017-இல் வெளிவந்த பேராய்வொன்றன் கணக்கு. ஏனை மூவர்க்கு அவ்வயதுவரை வாராது. கருப்பையின் பக்கத்துள்ள சூலகத்திற்கும் இவ்வச்சம் உண்டு.

பழுதுற்ற பிரதி மக்கள் ஒவ்வொருவர்க்கும் சரிபாதி வாய்ப்பிற் சென்று சேரும். ஆண் பெண் என்னும் வேற்றுமை அதற்கில்லை. தந்தை தான் நோயுறாதிருந்தும் மகட்கு அதனைத் தரக்கூடும். இஃது ஓரினத்தார்க்கே உரியதென்பதும் பொய். பி.ஆர்.சி.ஏ.-1-இல் இரண்டெழுத்துக் குறைந்துவரும் மாற்றம் ஒன்று, அசுக்கெனாசி யூதரிடத்து மிகுதியாகக் காணப்படுவது; அதுவே தென்னாட்டுக் குடும்பங்களிலும் பலகாற் காணப்பட்டமை இந்நாட்டு ஆய்வாளர் வெளியிட்டதாகும்.

இனி, 'குடியின் பாவம்' என்பதனை நோக்குவாம். சித்தாந்தத்தில் வினை ஒவ்வோர் உயிர்க்கும் தனித்தனியே உளது. செய்த உயிரே அதன் பயனை நுகரும். ஓருயிரின் வினை மற்றோருயிரைச் சென்று பற்றாது. வினை சடமாதலின் தன்னைச் செய்தான் இவனென்று தானே அறிந்து சென்று சேரமாட்டாது; அதனை உரியாரிடத்துக் கூட்டுவிப்பது இறைவன் ஆணை. பாட்டி செய்த பாவம் பேர்த்தியை வந்து பற்றிற்று என்பார், அவ்வாணை ஆள்மாறிச் செலுத்திற்று என்று கூறினாராவர். அவர் தாம் சைவம் பேசுவதாகவே எண்ணிக்கொண்டிருத்தல் வியப்பே. பெற்றோர் தருவது உடம்பு. அது மாயையின் காரியம். தனு கரண புவன போகங்களுள் முதலது. மரபணு அத்தனுவினுள் அடங்கிய ஒன்று. நிறமும் உயரமும் குடிவழியாக வருமாறு போலவே இப்பழுதும் வருகின்றது. வருதற்குத் தாய் ஒரு வாயிலேயன்றிக் குற்றவாளியாகாள்.

அற்றேல், அவ்வுடம்பு அவ்வுயிர்க்கு வாய்த்தது அவ்வுயிரின் வினையாலன்றோ, ஆகவே அப்பெண்ணே முற்பிறப்பிற் பாவஞ் செய்தவளாவாள் அன்றோ எனின், கூறுதும். எவ்வுடம்பும் வினைக்கீடாகவே வருகின்றது. நோயற்ற அயலானுக்கு வந்த உடம்பும் இருவினைப் பயனே. அவனுக்கு நாளை வருவது யாதென அவனும் அறியான். எல்லார்க்கும் பொதுவாகிய ஒன்றனை ஒருத்திமேல் மட்டும் சுட்டிச் சொல்லுதல் ஆராய்ச்சியாகாது, ஏச்சேயாகும். திருநாவுக்கரசர்க்கு வந்த சூலை அவரைத் திருவதிகைக்கு மீட்டது. நோயே அருளாயிற்று என்று அந்நோயை நுகர்ந்தார் கூறுதல் தகும். அதனைப் பிறர் நோய்க்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டு, படுக்கையிற் கிடப்பாரிடம் சென்று, 'இதுவும் உனக்கு நன்மைக்கே' என்று போதிப்பார் உளர். திலகவதியார் தம்பியாரிடம் அவ்வாறு பேசிக்கொண்டிராது, திருநீறு அளித்துத் திருக்கோயிற்கு அழைத்துச் சென்றார் என்பதனை அவர் நினைக்க.

நிற்க. 'விதித்தது வரும், அறிந்து ஆவதென்?' என்பது இரண்டாவது. பிராரத்தம் நுகர்ந்தன்றிக் கழியாது என்பது மெய்யே. ஆனால் இன்ன பெண்ணின் பிராரத்தம் இப்புற்றேயென்று அறிந்தவர் யாவர்? எழுவருள் ஒருத்தியோ மூவருள் ஒருத்தியோ என்பது அவட்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது. நோய் விதியாயின், அதனை முற்படக் கண்டு நீக்கும் வைத்தியமும் அவ்வாறே கூடுவதாகாதோ? கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்தார். வினையென்று சொல்லிவிட்டு உய்யும் வழி நாடாதிருத்தல் குறைபாடு என்பதே ஆண்டு அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள். இதனினும் தெளிவான விடை வேண்டுவோர்க்கு யாம் தருதற்கு ஒன்றுமில்லை.

இப்பழுது உளதென அறியப்பட்ட மகளிர்க்கு இருபத்தைந்து வயது முதல் ஆண்டுதோறும் காந்தப் படமும், முப்பது முதல் மார்பக ஊடுகதிர்ப் படமும் எடுத்துப் பார்த்தலை மருத்துவர் விதிக்கின்றனர். மார்பகங்களை முன்னரே அகற்றிக்கொள்வார்க்கு அச்சம் பத்தில் ஒன்பது பங்கு குறையும். அது பெரிய முடிபு, ஒருவரை வற்புறுத்திச் செய்விக்கத் தக்கதன்று. மகப்பேறு முடிந்தபின் சூலகம் அகற்றலும் உண்டு. சொல்வது எளிது. பொழுது புலருமுன் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டுக் கடந்து ஏலத்தோட்டத்திற்குக் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு, தேனியை அடுத்த க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவருதலே ஒருநாட் கூலி இழப்பாகும். மரபணுச் சோதனைக்கு அதனினுந் தொலைவு செல்ல நேரும். தங்கை புற்றினால் 1923-இல் இறக்கக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அதனை விதியென்று விட்டுவிடாது உழைத்து, 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்குவித்தார். அம்முயற்சியும் ஓர் உடன்பிறப்பின் துயரிற் பிறந்ததே.

உடன்பிறப்பு என்றமையால் இனி வருவதே எமக்கு மிக்க ஆராய்ச்சிக்குரியதாகத் தோன்றுகின்றது. ஒருத்தியின் இரத்தத்திற் கண்டது அவட்கு மட்டும் உரிய செய்தியன்று. அவள் தமக்கைக்கும் தங்கைக்கும் அதிற் பங்குண்டு. தான் அறிய விரும்பாதாளை அறியென்று நெருக்குதல் தகாது. அச்சத்தோடு வாழ்தலும் ஒரு துன்பமே. ஆயின் அறிந்தபின் தங்கைக்கு மறைத்தல் வேறு. அவள் உய்தற்குரிய காலத்தை இவள் கைக்கொண்டிருத்தலாகும் அது; அம்மறைப்பு ஆகாமியமாய்த் தன்மேல் ஏறும் என்றே யாம் கொள்கின்றோம்.

மறைத்தற்கு மணப்பேச்சே பெரும்பான்மையும் காரணம். தாய்க்குப் புற்று என்றறிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவர் என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் நம் பக்கத்து வழக்கம், தாய்மாமனுக்கோ தாய்மாமன் மகனுக்கோ பெண் கொடுப்பது. அப்பழுது பெண்ணின் தாயிடத்து இருந்ததாயின், அவளுடன் பிறந்த மாமனிடத்தும் சரிபாதி வாய்ப்பில் அது இருத்தல் கூடும். 'உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் குறை' என்று ஒதுங்கும் மாமன் அதனைத் தன்னுடம்பிலே சுமந்துகொண்டிருப்பதும் நிகழ்வதே. தன் மகட்கு அவனே தருபவனாகவும் ஆகலாம். கணவனாக வருவானுக்கு உண்மை சொல்லவேண்டும் என்பதே எம் கருத்து. கேட்கும் அவன் தன் குடியையும் அவ்வாறே திறந்து சொல்லக் கடவன். பெண்வீட்டார் மட்டும் கூண்டிலேறிச் சாட்சி சொல்வது நீதியன்று.

சுருளித் தீர்த்தத்தில் அமாவாசைதோறும் மக்கள் முன்னோர் மூன்று தலைமுறையாரை நினைந்து எள்ளும் நீரும் இறைக்கின்றனர். தாய்வழி முன்னோரும் அதில் விடப்படுவதில்லை. குடிவழிப் பிணியை ஆராயும் மருத்துவரும் இருவழியிலும் மூன்று தலைமுறையே கேட்கின்றனர்: யார், எந்த வயதில், எதனால் இறந்தார் என்று. பெயர் வரையிற் பலர் சொல்லிவிடுவர். எதனால் என்ற இடத்தில், 'ஏதோ மார்பிற் கட்டி என்றார்கள்' என்பதற்குமேல் ஒன்றும் வாராது. அவ்விடையை அறிந்த முதுமகள் ஒருத்தி பெரும்பாலும் அவ்வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருப்பாள். அவளை ஒருவரும் கேட்டிரார்.